சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வரவில்லை

எப்படி இயங்குகிறது? தத்துப் பிள்ளைக்கான உளச் சிகிச்சையும் அதற்கான பணமும்

தத்தெடுத்த பிள்ளைக்கு உளச் சிகிச்சை தேடி அலைந்த பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இங்கிலாந்தில் அரசாங்கம், "இதற்கென்றே பணம் ஒதுக்கியிருக்கிறோம்" என்கிறது. இலங்கையில், "வைத்தியம் எல்லாருக்கும் இலவசம்" என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனாலும் இரண்டு இடத்திலும் தாயும் தகப்பனும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடக்கிறார்கள்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். சட்டியில் இருந்தும் அகப்பையில் வராமற் போவது எப்படி? அதைப் படிப்படியாகப் பார்ப்போம். விளங்கிக்கொள்ள வசதியாக, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் குசினிகளில் எல்லாருக்கும் பழக்கமான ஒடியற்கூழை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கூழ்

ஒடியற்கூழ் அவசரத்துக்குக் காய்ச்சுகிற சாப்பாடு அல்ல. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து, வெயிலில் காயவைத்து, இடித்தெடுத்த மாவில் ஒரு கைப்பு இருக்கும். மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது அடியில் தங்கியதும் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்து, மறுபடி புதுத் தண்ணீர் விட்டு அந்தக் கைப்பை எடுக்கவேண்டும். ஒரு பக்கம் மா ஊறிக்கொண்டிருக்க, மறுபக்கம் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும். அவியப் பிந்துகிற சாமான் முதலில் போகும்: ஒரு பிடி அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை. அவை பாதி அவிந்த பிறகு பயற்றங்காய், மீன் தலை, நண்டு, இறால். பிறகு அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி. ஊறிய மாவைக் கரைத்து ஊற்றுவது கடைசியில்தான். ஊற்றும்போது ஒரு கை விடாமல் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். நெருப்பும் சீராக எரியவேண்டும். நெருப்புத் தணிந்தாலோ கை நின்றாலோ மா கட்டிபட்டு அடியில் பிடித்துவிடும். இறக்கியதும் அகப்பையால் அள்ளி, பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்துச் சுடச்சுடக் குடிப்பார்கள்.

இந்த வேலையில் ஆறு விஷயம் இருக்கிறது: மாவை ஊறவைப்பது, சாமான் போடும் ஒழுங்கு, விறகு, அகப்பை, துழாவும் கை, பிளா. ஒரு பிள்ளைக்கு உளச் சிகிச்சை போய்ச் சேரவும் இந்த ஆறும் வேண்டும். ஊறவைப்பது, பிள்ளையின் தேவையை அறியும் மதிப்பீடு. ஒழுங்கு, சிகிச்சையில் எது முன், எது பின் என்பது. விறகு, பணம். அகப்பை, சட்டியில் உள்ளதைக் குடும்பத்துக்கு எடுத்துத் தரும் அலுவலரும் கடிதமும் கையெழுத்தும். துழாவும் கை, மாறாமல் கூடவே நிற்கும் சிகிச்சையாளர். பிளா, அதை ஏந்திக்கொள்ளும் வீடு.

மாவை ஊறவைப்பது

வலிகாமத்தின் கீரிமலைக் கிராமத்தில் ஒரு தம்பதியை மனதில் வைத்துக்கொள்வோம். கணவன் மேசன் வேலைக்குப் போகிறவர், மனைவி வீட்டோடு தையல். சிறுவர் இல்லம் ஒன்றிலிருந்து நாலரை வயதுப் பிள்ளையைத் தத்தெடுக்கிறார்கள். குடும்பம் கற்பனை. அவர்கள் நடக்கப்போகும் வழி கற்பனை அல்ல.

பிள்ளை வந்து சில மாதம். ஒரு காலையில் தாய் பாயைத் தட்டிச் சுருட்டும்போது தலையணை உறைக்குள் காய்ந்த பாண் துண்டு தட்டுப்படுகிறது. இன்னொரு நாள் அலுமாரியில் சட்டைகளுக்கு அடியில் விசுக்கோத்து. வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கேட்டால் கொடுக்கிறார்கள். ஆனாலும் பிள்ளை ஒளிக்கிறது. விசாரித்தால், தான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிறது. மாமி சொல்கிறார்: "களவெடுக்கிற பழக்கம். இப்பவே அடக்கிப் போடு பிள்ளை."

இது களவு அல்ல. அழுதால் ஆள் வரும், பால் வரும் என்பது கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்ப நடந்தால்தான் அதன் உடம்பு உலகத்தை நம்பப் பழகும். ஜோன் போல்பி என்ற பிரித்தானிய உளமருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையும், அதன்பின் அவர் வளர்த்தெடுத்த பற்றுக் கோட்பாடும் இந்த அடிப்படையில் நிற்பவை. தூக்குகிற கை அடிக்கடி மாறிய பிள்ளைக்கு, இன்று கிடைத்தது நாளையும் கிடைக்கும் என்ற உறுதி உடம்பில் ஊறவில்லை. அதனால் தன் நாளைக்குத் தானே பொறுப்பெடுக்கிறது. உறைக்குள் இருக்கும் பாண் துண்டு அதன் சேமிப்பு.

நல்ல வீடு கிடைத்துவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரிவரும் என்று நம்புவது இயல்பு. ஆனால் 1989க்குப் பிறகு ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து பிரித்தானியக் குடும்பங்களுக்குத் தத்துப் போன பிள்ளைகளை மைக்கல் றட்டரின் குழு அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டுப் போன பிள்ளைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்கு, அன்பான வீடு கிடைத்தும் சிக்கல்கள் இளமைப் பருவம்வரை நீடித்தன. அன்பு குறைந்ததால் அல்ல. ஆரம்பத்தில் விடுபட்டதை ஈடுசெய்யத் தனியான, பயிற்சி பெற்ற உதவி வேண்டியிருந்தது.

அந்த உதவி எது என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். பேச்சுத் தாமதமாக இருக்கலாம். ஆட்டிசமாக இருக்கலாம். பெரியவர் குரல் கேட்டாலே உறைந்துபோகும் பயமாகவும் இருக்கலாம். வெளியில் பார்த்தால் நாலும் ஒன்றுபோல இருக்கும், மருந்து நாலுக்கும் வேறு. காது பார்ப்பவர், பேச்சுச் சிகிச்சையாளர், குழந்தைநல வைத்தியர், உளநல வைத்தியர் எல்லாரும் பார்த்து எழுதுவதுதான் மதிப்பீடு. நேரம் எடுக்கும். அதைத் தவிர்த்துவிட்டுச் சிகிச்சை தொடங்கினால், ஊறாத மாவில் காய்ச்சியது மாதிரிக் கடைசிவரை கைப்புத்தான்.

சாமான் போடும் ஒழுங்கு

உளச் சிகிச்சை என்றால் பிள்ளையை ஒரு அறைக்குள் கூட்டிப்போய் யாரோ கதைத்துச் சரிப்பண்ணி வெளியே அனுப்புவார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தத்துப் பிள்ளைகளுக்கான சிகிச்சை பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் வீட்டில் நேரம் தவறாத சாப்பாடு, நேரம் தவறாத நித்திரை, அடி இல்லை என்ற உறுதி. அடுத்தது பெற்றோருக்கான பயிற்சி: பாண் துண்டைக் கண்டால் என்ன சொல்வது, கத்தி அழும்போது எங்கே இருப்பது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வைத்து, "இது உன்ர. முடிஞ்சா நிரப்பித் தருவன்" என்று சொல்லி அதன்படியே செய்வதும் சிகிச்சைதான். அதற்குப் பிறகு விளையாட்டு, தொடுகை, உடம்பைச் சாந்தப்படுத்தும் தொழில்வழிச் சிகிச்சை. பழைய கதையைத் தொடுவது கடைசியில்.

அமெரிக்க உளவியலாளர் டானியல் ஹியூஸ் வகுத்த முறையில் தாயோ தகப்பனோ சிகிச்சை அறைக்குள் பிள்ளையோடு இருப்பார்கள். சிகிச்சையாளர் இருவருக்கும் நடுவில் உறவு வளர வேலை செய்வார். சிக்காகோவில் 1960களின் இறுதியில் தொடங்கிய தெராபிளே முறையும் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து விளையாட்டின் வழியாக அதையே செய்கிறது. முதல் நாளே "உன்னைப் பெத்த அம்மாவை ஞாபகம் இருக்கோ?" என்று கேட்பது, தண்ணீர் கொதிக்க முன்னமே மாவை ஊற்றுவதுதான்.

பெற்றோருக்கு முதலிடம் கொடுப்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. உள்நாட்டுப் போரில், 1990இல் கீரிமலைச் சனம் இடம்பெயர்ந்தது. கிராமமே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. போர் முடிந்த பிறகுதான் கட்டங்கட்டமாகத் திரும்பி வந்தார்கள். இன்று பிள்ளை தத்தெடுக்கும் வயதில் இருப்பவர்களில் பலர் அந்த முகாம்களில் வளர்ந்தவர்கள். தாங்களே ஷெல் சத்தத்துக்கும் பட்டினிக்கும் நடுவில் வளர்ந்த தாய் தகப்பனுக்கு, நடுச்சாமத்தில் வீரிட்டு அழும் பிள்ளை தங்கள் பழைய பயத்தையும் எழுப்பிவிடும். அவர்களுக்கும் ஒரு கதிரை அந்த அறையில் வேண்டும்.

விறகு

இனிப் பணம். இங்கே இங்கிலாந்தின் அனுபவம் நமக்குப் பெரிய பாடம், ஏனென்றால் விறகை இதற்கென்றே தனியாக அடுக்கிய நாடு அது.

2002ஆம் ஆண்டின் தத்துச் சட்டப்படி, தத்துக் குடும்பம் கேட்டால் உள்ளூராட்சி சபை அதன் தேவையை மதிப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் தேவை என்று எழுதியதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. மதிப்பீட்டுக்கு உரிமை உண்டு, சிகிச்சைக்கு இல்லை. அந்த இடைவெளியை அடைக்க 2015 மே மாதம் தத்து ஆதரவு நிதியம் தொடங்கியது. பெற்றோர் நேரே விண்ணப்பிக்க முடியாது. சபையின் சமூகசேவை அலுவலர் மதிப்பிட்டு, நிதியத்துக்கு விண்ணப்பிப்பார். அனுமதி வந்தபின் பணம் சபை வழியாகச் சிகிச்சையாளருக்குப் போகும். நீதிமன்றத்தின் தத்துக் கட்டளைக்குப் பின் முதல் மூன்று வருடம் பிள்ளையைக் கொடுத்த சபை பொறுப்பு. அதன்பிறகு குடும்பம் குடியிருக்கும் இடத்துச் சபை. மூன்றாம் வருட முடிவில் சிக்கல் வெடித்தால், முன்பின் தெரியாத அலுவலரிடம் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும்.

2016 ஒக்ரோபரில் எல்லை வகுத்தார்கள்: பிள்ளை ஒன்றுக்கு வருடத்துக்குச் சிகிச்சைக்கு 5,000 பவுண், விசேட மதிப்பீட்டுக்கு 2,500 பவுண். அதற்கு மேல் வேண்டுமானால் நிதியமும் சபையும் பாதிபாதி. குறைகள் இருந்தாலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது.

பிறகு வந்தது 2025. மார்ச் 31உடன் நிதியத்தின் ஒதுக்கீட்டுக் காலம் முடிந்தது. அடுத்த ஆண்டுக்குப் பணம் உண்டா என்று அதுவரை அரசாங்கம் உறுதி சொல்லவில்லை. ஏப்பிரல் 1ஆம் திகதிதான் ஐந்து கோடிப் பவுண் உண்டு என்று அறிவித்தது. அதே மாதத்தின் நடுவில் இன்னோர் அறிவிப்பு: பிள்ளை ஒன்றுக்கு இனி 3,000 பவுண் மட்டும், விசேட மதிப்பீட்டுக்குத் தனிப்பணம் இல்லை, பாதிபாதியும் இல்லை. நிதியம் மூடப்படவில்லை. ஆனால் அடுத்த அனுமதி வராமல் பல பிள்ளைகளின் சிகிச்சை நடுவழியில் நின்றது. ஒரு பெரியவரை நம்பலாம் என்று அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்தப் பெரியவர் திடீரென்று வராமற் போவது, முன்பு பட்ட அதே அடி. மா ஊற்றுகிற நேரத்தில் அடுப்பு அணைந்தது போலத்தான் இது. மதிப்பீட்டுக்கான பணத்தை நிறுத்தியதோ, விறகை மிச்சம்பிடிக்க மாவை ஊறவைக்காமல் விட்டது.

நம் பக்கத்தில் விறகு வேறு இடத்தில் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் உளநலக் கிளினிக்குக்குக் காசு கட்டத் தேவையில்லை. தத்துப் பிள்ளை என்று தனிப்படிவமும் இல்லை. இதற்கு வெளியே, புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் இருக்கிறது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சிறுவர் இல்லப் பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது வடக்கில் ஊறிப்போன நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பணம் இல்லத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. அதே பிள்ளை ஒரு வீட்டுக்குப் போன பிறகு அதன் பின்னால் போவதில்லை. இல்லத்துப் பானையின் கீழே எரிகிற விறகில் ஒரு கொள்ளி பிள்ளையோடு வீட்டுக்கும் போகவேண்டும்.

அகப்பை

இனி நம் தம்பதியோடு நடப்போம்.

இலங்கையில் தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கிறது. தத்தெடுப்பவருக்கு 25 வயது நிரம்பியிருக்கவேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்கவேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அலுவலர் விசாரித்து அறிக்கை கொடுக்க, நீதிமன்றம் கட்டளை வழங்கும். இந்தச் சட்டம் சம்மதத்தையும் வயதையும் பதிவையும் உரிமையையும் பற்றிப் பேசுகிறது. உளச் சிகிச்சை அதன் கவலை அல்ல. 1941இல் அப்படி எதிர்பார்க்கவும் முடியாது.

கட்டளை வந்த நாளிலிருந்து பிள்ளை சட்டப்படி அவர்களுடைய பிள்ளை. அது நல்லது, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் இல்லத்தில் இருக்கும்வரை பிள்ளையின் பெயரில் ஒரு கோப்பும் அதைப் பார்க்கும் கடமையுள்ள ஒரு அலுவலரும் இருந்தார்கள். இப்போது முழுப் பொறுப்பும் பெற்றோர் தோளில்.

எங்களுடைய பழைய வழக்கம் இதை வேறு விதமாகக் கையாண்டது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் பிள்ளை தத்தெடுப்பதற்கு விதி உண்டு. உறவினரின் சம்மதம் கேட்டு, அவர்கள் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்தும் சடங்கோடு அது நடந்தது. பெரும்பாலும் சொத்துரிமைக்காக வகுத்த விதிதான். ஆனாலும் அன்று உறவினர் முன்னால் நின்று சம்மதித்தார்கள். இன்றைய கட்டளையில் பெற்றோரும் நீதிபதியும் இருக்கிறார்கள். அடுத்த பத்து வருடத்துக்குக் கூட நிற்கப்போகிறவர் யார் என்று எழுத அதில் ஓர் இடமும் இல்லை.

பிள்ளை பாண் ஒளிக்கிறது, பாடசாலையில் மற்றப் பிள்ளையைக் கடிக்கிறது. தாய் எங்கே போவாள்? தெல்லிப்பழையில் பிரதேச செயலகம் இருக்கிறது. அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பெரிய பரிசோதனைகளுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருக்கலாம். யுத்த காலத்திலேயே தொடங்கிய சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களும் உண்டு. அவசரத்துக்கு, ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம்.

இத்தனை கதவும் திறந்துதான் இருக்கிறது. ஒவ்வொரு கதவிலும் நல்ல மனிதரைச் சந்திக்கவும் முடியும். ஆனால் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குக் கூட்டிப்போகும் ஆள் ஒருவரும் இல்லை. செயலகத்தில், "ஆஸ்பத்திரியில காட்டுங்கோ அம்மா" என்பார்கள். ஆஸ்பத்திரியில், "பாடசாலையிலயிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பார்கள். பாடசாலையில், "பிள்ளை வளர வளரச் சரிவரும், யோசியாதேங்கோ" என்பார்கள். இங்கிலாந்துப் பெற்றோருக்கு அகப்பை ஒரே ஒரு அலுவலர் கையில் இருக்கிறது, அவரைப் பிடிப்பதுதான் பாடு. நம் பெற்றோருக்கு அகப்பையே ஒருவர் கையிலும் இல்லை.

துழாவும் கை

கிளினிக்குக்குப் போகும் தாயின் பையில் ஒரு கொப்பி இருக்கும். பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் அதே கொப்பிதான், மேலே கடதாசி உறை போட்டு, பெயரும் கிளினிக் இலக்கமும் எழுதியிருக்கும். ஒவ்வொரு தவணையும் அதில் நாலு வரி. வைத்தியர் இடமாற்றத்தில் போனால் புது வைத்தியர் அந்த நாலு நாலு வரியை வைத்துத்தான் பிள்ளையைத் தெரிந்துகொள்ளவேண்டும். அரச வைத்தியர்களுக்கு இடமாற்றம் வழமை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்களும் பலர். சிறுவர் உளநலத்தில் விசேட பயிற்சி பெற்றவர்கள் நாடு முழுவதற்குமே மிகக் குறைவு.

மருந்து மட்டும் வேண்டிய வியாதிக்குக் கொப்பி போதும். உறவின் மூலம் நடக்கும் சிகிச்சைக்கு அதே ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் வடக்கு தானே கண்டுபிடித்த ஒரு வழி இருக்கிறது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு இயங்கியவர்களும், உளமருத்துவர் ஓரிருவரே இருந்த யுத்த காலத்தில் ஆசிரியர்களையும் கிராம மட்டத்து ஊழியர்களையும் உளவளத்துணையில் பயிற்றுவித்தார்கள். சிக்கலான பிள்ளை வைத்தியரிடம் போகும். மற்ற நாட்களில் அதைக் கவனிப்பவர் அதே ஊரில் இருப்பவர், இடமாற்றத்தில் போகாதவர். தத்துப் பிள்ளைகளின் சிகிச்சைக்கும் இந்த அமைப்பே பொருந்தும். விசேட வைத்தியர் வழிகாட்ட, பற்றுக் கோட்பாட்டில் பயிற்சி பெற்ற ஓர் உள்ளூர் உளவளத்துணையாளர் வாரந்தோறும் துழாவிக்கொண்டிருக்கலாம்.

பிளா

எல்லாம் சரியாகக் காய்ச்சினாலும் ஏந்துவதற்குப் பிளா வேண்டும். மேசனுக்குக் கிளினிக் நாள் என்பது சம்பளம் இல்லாத நாள். தாய் மட்டும் போனால், பெற்றோர் இருவரும் கற்கவேண்டியதை ஒருவர்தான் கற்கிறார். யாழ்ப்பாண நகரம் கீரிமலையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். பஸ்ஸில் பிள்ளை அழுது கத்தினால் அடுத்த முறை போக மனம் வராது.

அதைவிடப் பெரியது மறைப்பு. பல வீடுகளில் தத்தெடுத்ததைப் பிள்ளைக்கும் சொல்வதில்லை, அயலுக்கும் சொல்வதில்லை. வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கத் தாதி வழமையான கேள்விகளைக் கேட்கிறார்: "பிறக்கேக்க நிறை எவ்வளவம்மா? எத்தினை மாசத்தில நடந்தது? தாய்க்கு ஏதும் வருத்தம் இருந்ததோ?" தாதியின் கேள்வியில் பிழை இல்லை. பதில் தெரியாத தாய் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறாள். வைத்தியர் அந்தப் பொய்யான எண்ணை நம்பி முடிவெடுக்கிறார். பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு இல்லத்திலிருந்து பிள்ளையோடு சேர்ந்து வந்திருந்தால், தனியறையில் கேட்டிருந்தால், இந்த இடத்தில் ஒழுகியிருக்காது.

இங்கே இன்னொரு குடும்பத்தையும் நினைக்கவேண்டும். போரிலும் 2004 சுனாமியிலும் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் பலரை வளர்த்தது நீதிமன்றக் கட்டளை எதுவும் இல்லாத அம்மம்மாவும் பெரியம்மாவும் மாமாவும்தான். கையில் கட்டளை இல்லாததால் அவர்கள் தங்களை உதவி கேட்க உரிமையுள்ளவர்களாகவே நினைப்பதில்லை. இங்கிலாந்தின் நிதியம் சில வருடங்களில், நீதிமன்றக் கட்டளை பெற்ற உறவுக்காரப் பாதுகாவலரின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. நாமும் முதல் நாளிலிருந்தே அவர்களைச் சேர்த்து எண்ணவேண்டும்.

கூழ் ஒரு மாலையில் முடிந்துவிடும்

இந்த உவமை ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. கூழ் இறக்கியதும் வேலை முடிந்தது. பிள்ளைக்கு அப்படி இல்லை. நாலரை வயதில் தணிந்த பயம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வேறு கேள்வியாக எழும்பும்.

கீரிமலையில் அந்தக் கேள்விக்கு நாளும் இடமும் உண்டு. ஆடி அமாவாசைக்குக் குடாநாடே கீரிமலைக்கு வரும். தகப்பனை இழந்தவர்கள் கடலிலும் கேணியிலும் முழுகி, பிதிர்க்கடன் செய்து, நகுலேஸ்வரம் கோயிலில் கும்பிட்டுப் போவார்கள். தத்தெடுக்கப்பட்ட பதின்மூன்று வயதுப் பெடியன் ஒருவன் அதைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறான். அவனுக்குள் எழும் கேள்வி: என்னைப் பெற்றவர் இருக்கிறாரா, இல்லையா? இல்லையென்றால் நான் யாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டும்? அப்படிக் கேட்டால் வளர்த்த அப்பாவுக்கு நோகுமா? இந்தக் கேள்வியோடு அவன் தனியே நின்றால் கோபமாக, படிப்பை விடுவதாக, வீட்டை விட்டு ஓடுவதாக அது வெளியே வரும். அந்த நேரத்தில் மீண்டும் ஒரு சில மாதம் சிகிச்சை தேவைப்படும். வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற எல்லை இந்த வயதை நினைக்காமல் எழுதியது.

கட்டளைக்கு முன் ஒரு தாள்

எங்கே கை வைத்தால் சரிவரும்? கட்டளை எழுதப்படுவதற்கு முந்திய நாட்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த நாட்களில் நீதிமன்றம், திணைக்களம், இல்லம், பெற்றோர் எல்லாரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். கட்டளை கைக்கு வந்தபின் அந்த மேசை மறுபடி கூடாது.

அமெரிக்கா 1980இல் நிறைவேற்றிய சட்டத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தத்து உதவி உடன்படிக்கை ஒன்றை, தத்தெடுப்பு முடிவாக முன்னரே எழுதிக் கையெழுத்திடவேண்டும். அரச மருத்துவக் காப்புறுதியும் அதோடு பிள்ளைக்குப் போகும். அந்தக் காப்புறுதியை ஏற்கும் சிகிச்சையாளரைத் தேடுவது அங்கேயும் பெரும்பாடு. ஆனாலும் உரிமை எழுத்தில் இருக்கிறது, பெற்றோர் அதைக் காட்டிக் கேட்கலாம். இந்தியாவின் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குவிதிகள், பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து அறிக்கை எழுதச் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நமக்கு வேண்டிய தாள் கிடைத்துவிடும்.

அந்தத் தாளில் நாலு விஷயம் போதும். பிள்ளையின் முழு மதிப்பீடும் சுகாதாரப் பதிவேட்டின் பிரதியும் முதலாவது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை பெற்றோர் எப்போது கேட்டாலும் பதில் சொல்லவேண்டிய ஒரு பதவியின் பெயர் இரண்டாவது. அந்தப் பதவியில் ஆள் மாறலாம், கடமை மாறக்கூடாது. எந்தக் கிளினிக், எந்த உளவளத்துணையாளர், பயணச் செலவும் இழந்த நாட்சம்பளமும் எங்கிருந்து என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுக்குக் கோடிகள் வேண்டாம். ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்களும் நினைத்தால் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு இதைத் தாங்கலாம். பன்னிரண்டு வயதில் குடும்பத்தை மீண்டும் அழைத்துப் பார்க்கும் ஒரு தவணை நாலாவது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இப்போது விண்ணப்பித்துக் காத்திருக்கும் பெற்றோர் கட்டளைக்கு முன்பே நன்னடத்தை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பதிவேட்டையும் இல்லத்தின் குறிப்புகளையும் எழுத்தில் கேளுங்கள். பிள்ளை வந்த நாளிலிருந்து நித்திரை, சாப்பாடு, பயம் மூன்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த வைத்தியர் மாறினாலும் அது பேசும். கிளினிக்கில் தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினால், யாரிடம், எதற்காக என்று ஒரு கடிதம் வாங்காமல் அங்கிருந்து எழும்பாதீர்கள். பிள்ளைக்குத் தத்தெடுத்த செய்தியைச் சின்ன வயதிலேயே, நல்ல கதையாக, உங்கள் வாயால் சொல்லுங்கள். உறவினர்களே, அந்த வீட்டுக்குப் போகும்போது விளையாட்டுச் சாமானோடு நிற்காமல், கிளினிக் நாளில் மற்றப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் வாருங்கள். ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு ஊர் செய்யவேண்டிய கடமை இது. இதைக் கேட்கப் பெற்றோர் வெட்கப்படவேண்டியதில்லை.